முடிச்சாச்சு

அது அழகான வண்டிதான். அதில் எனக்கும் என் மகனுக்கும் ஒரு நாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை. மாதுளம்பழச் சிவப்பு, இத்தாலியில் செய்தது, ஆறு வருடம் ஓடியும் ஒரு கீறல் கிடையாது. மோட்டார் சைக்கிள் என்றாலே இந்த அம்மாவுக்கு ஆகாது, அந்த வெறுப்பில்தான் இப்படிச் செய்துவிட்டார் என்று நீங்கள் எங்காவது குறித்து வைத்திருந்தால், ரஞ்சன் தம்பி, தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.

நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. போலீஸ்காரரான நீங்கள் கேட்டு நான் சொன்னால், கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். நான் இருபத்தாறு வருடம் எலும்பு வார்டில் நர்ஸ். என் ஷிஃப்டில் நடந்ததை அடுத்து வருகிறவளுக்கு ஒன்று விடாமல் எழுதி வைத்துவிட்டுத்தான் கைப்பையை எடுப்பேன். சில பேர் 'நோயாளி நன்றாக இருக்கிறார்' என்று ஒரு வரி கிறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். எனக்கு அது பிடிக்காது.

என் பெயர் நூருன்னிசா, வயது ஐம்பத்தெட்டு. சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீடு, ஒன்பதாவது மாடி. கணவர் அப்துல் கையூம் எட்டு வருடத்துக்கு முன் காலமானார். சோபாவில் சாய்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இடைவேளை முடிந்ததும் எழவில்லை, அவ்வளவுதான். அவரும் வண்டியில் போய்த்தான் இறந்திருப்பார், அதனால்தான் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாராவது கதை கட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, அர்ஃபான். இருபத்தெட்டு வயது. சாங்கியில் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் வேலை.

நிதானமான பிள்ளை. ஒரு சட்டை எடுப்பதற்கு தேக்காவில் நாலு கடை ஏறி இறங்குவான். கடைசியில் இரண்டைப் படம் எடுத்து அனுப்பி, எது உம்மா என்று கேட்பான். நான் சொல்வதைத்தான் வாங்குவான். சேர்ந்து போகிற பிள்ளைகள் எல்லாரும் கேலி செய்வார்கள், அவனுக்கு அதெல்லாம் உறைக்காது. ஷமீமாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னது ஒன்றுதான் என்னைக் கேட்காமல் அவன் எடுத்த முடிவு. நல்ல பெண்தான். பாலர் பள்ளி ஆசிரியை, குரல் மெல்லிசு, சமையல் சுமார். டிசம்பரில் நிக்காஹ் என்று வைத்திருந்தோம். பொங்கோலில் அவர்கள் பெயருக்கு வீடு கிடைத்திருந்தது. நவம்பரில் சாவி கொடுப்பதாகக் கடிதம் வந்தது. ஜன்னல் திரைச்சீலைக்குத் துணி பார்க்க சிராங்கூன் ரோட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பிள்ளை தனிக்குடித்தனம் போகிறான் என்று பொருமிக்கொண்டிருந்த தாய் இல்லை நான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடமாக அவன் ஒரு சின்ன ஜப்பான் வண்டி வைத்திருந்தான். நான் ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு மார்ச் மாதத்தோடு பத்து வருட சி.ஓ.இ. உரிமம் முடிந்தது. நம் ஊரில் வண்டிக்கும் ஆயுசு எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா, மறுபடி பணம் கட்டினால் ஓடும், இல்லாவிட்டால் பழைய இரும்பு. அர்ஃபான் கட்டவில்லை. அதை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கே பாவமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். செம்பவாங்கில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், தன்னுடைய இத்தாலி வண்டியை விற்கப் போட்டிருந்தார். வண்டியின் பேரைச் சொன்னான், என் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது இத்தாலி வண்டி.

ஐந்து வாரம் யோசித்தான். திங்கட்கிழமை வாங்கலாம் என்பான், புதன்கிழமை வேண்டாம் என்பான். சி.ஓ.இ. இன்னும் நாலு வருடம் இருக்கிறது, அது நல்லது. எஞ்சினுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறதாம், கெடு தப்பாமல் மாற்றாவிட்டால் உள்ளே எல்லாம் தூளாகிவிடுமாம், அது கெட்டது. சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கட்டடத்துக்குக் கீழே திறந்த வெளியில் நிறுத்தினால் மழையில் நனையும், மனசு கேட்காது. சோறு ஆறிப் போகும்வரை இதே பேச்சு. நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பிள்ளைகளுக்கு வீம்பு வரும். யோசித்துச் செய்யடா என்றுதான் சொன்னேன்.

ஒரு நாள் நான் மீன் ஆணத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "பொங்கோல்ல இருந்து இங்க வர பஸ், டிரெயின்னா வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரம் உம்மா. இந்த வண்டின்னா இருபதே நிமிஷம் லா. டெய்லி வேல முடிஞ்சு வந்து உங்க கையால சாப்பிட்டுட்டுப் போவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வாரம் முழுக்க நானும் வாங்கலாம் என்ற கட்சியில்தான் இருந்தேன். பெல்ட்டைக் கெடு தப்பாமல் மாற்றினால் போயிற்று என்று நானே அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

அப்புறம் மே முதல் வாரத்தில் வார்டுக்கு ஒரு பையன் வந்தான். இருபத்து மூன்று வயது. பெரிய வண்டி, விரைவுச்சாலையில் லாரியின் பின்சக்கரத்துக்குள் போய்விட்டான். வலது தொடை எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது, அதன் முனையில் தார் ஒட்டியிருந்தது. முட்டிக்குக் கீழே தோல் காலுறையைக் கழற்றுவதுபோல் கணுக்கால்வரை உரிந்து சுருண்டிருந்தது. சதைக்குள் போயிருந்த சரளையை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டோம். நாற்பத்தொரு கல். அவனுக்கு நினைவு இருந்தது, அதுதான் கொடுமை. இதற்கு முன் இந்த மாதிரி நூறு பேரைப் பார்த்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன், சிலரைத் துணியால் மூடியும் இருக்கிறேன். பதினோராம் நாள் அந்தக் காலை எடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான். அவன் தாய், மலாய்க்காரப் பெண்மணி, என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டாள், மிஸ்ஸி, என் பிள்ளையின் கால் எங்கே என்று. அடக்கம் பண்ணும்போது கூட வைக்க வேண்டுமாம். நான் போய் விசாரித்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அர்ஃபானிடம் இதைச் சொன்னேன். கல் எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மறுநாள் மறுபடியும் பெல்ட் பேச்சுதான்.

அன்றிலிருந்துதான் நான் வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன். மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது தம்பி. கால் முழுக்க அழுகுவதற்கு முன் விரலை எடுப்போம். விரலை எடுப்பது கொடுமையா, இல்லையா என்று அங்கே யாரும் விவாதம் நடத்துவதில்லை. எவ்வளவு சின்னதாக எடுத்தால் ஆள் பிழைப்பான் என்பதுதான் கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன்.

இதற்கு முன்னால் அவனுக்கு ஏதாவது கெடுதல் செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். கெடுதல் என்று எதுவும் இல்லை. நாலாம் வகுப்பில் உபின் தீவுக்கு முகாம் கூட்டிப் போவதாக இருந்தார்கள். படகு, கடல், பத்து வயதுப் பிள்ளைகள். முந்தின நாள் மைலோவில் பேதி மாத்திரை கொஞ்சம் கலந்தேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள் கோழிக் கஞ்சி குடித்துவிட்டு ஓடி ஆடினான். பாலிடெக்னிக்கில் மெல்பர்னுக்கு ஆறு மாதம் அனுப்புவதாகச் சொன்னபோது அவன் பாஸ்போர்ட் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. தேடித் தேடிக் கெடு முடிந்துவிட்டது. அவன் அழுதபோது நானும்தான் கூட அழுதேன். இவை தவிர ஒன்றும் கிடையாது. கை நீட்டி அடித்ததே இல்லை.

ஐந்தாவது வாரம், மே பதினேழு, சனிக்கிழமை வண்டியைப் பார்க்கச் செம்பவாங் போனோம். நானும் வருகிறேன் என்றதும் அர்ஃபானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலகிருஷ்ணன் கார் நிறுத்தும் மாடியில் காத்திருந்தார். அறுபது வயது இருக்கும், மரியாதையான மனிதர், எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கொண்டுவந்து வைத்திருந்தார். போர்வையை எடுத்து வண்டியைக் காட்டினார். கிளப்பியபோது பாத்திரக் கடையில் தட்டுகளை உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். பழுதோ என்று பார்த்தேன். அந்த ரகத்துக்கு அதுதான் இயற்கைச் சத்தம் என்றார். அர்ஃபான் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகத் தடவிப் பார்த்தான்.

இவ்வளவு ஆசையாக வைத்திருந்துவிட்டு ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடது காலைக் காட்டினார். கணுக்கால் வீங்கி, இறுகி, அசையாமல் இருந்தது. பழைய வாதம்.

"கியர் இடது கால்லதான் அக்கா போடணும். பாதத்தத் தூக்கித் தூக்கிப் போடணும். இந்தக் கணுக்கால் மடங்கல, அவ்வளவுதான், எல்லாம் போச்சு. மத்தபடி நான் நடப்பேன், படியேறுவேன், ஒரு கொறையும் இல்ல."

எனக்கு அந்தப் பதில் மிகவும் உபயோகமாக இருந்தது. நான் தொடை, முட்டி என்று எங்கெங்கோ யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் நடப்பார், படியேறுவார், வண்டி மட்டும் ஓட்ட மாட்டார் என்றால் அதைவிடச் சின்னதாக என்ன வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அர்ஃபானின் கால்களைப் பார்த்தேன். செருப்புப் போட்டிருந்தான். நான் நகம் வெட்டிவிட்ட கால். இடது கணுக்காலில் சின்ன வயதில் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பு இருந்தது.

இதற்கு மேல் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பகல். முதல் நாளிலிருந்தே அவனுக்குச் சளி, தும்மிக்கொண்டிருந்தான். நான் கோழி பிரியாணி செய்திருந்தேன். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டே, ஏதோ மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்: "உம்மா, பாலா அங்கிள் வண்டி முடிச்சாச்சு. இனி அதப் பத்தி யோசிக்க வேணாம்."

முடிச்சாச்சா என்று கேட்டேன்.

"முடிச்சாச்சு உம்மா. காலைலதான் போன் பண்ணிச் சொன்னேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கு லா."

என் வாப்பா சிராங்கூன் ரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்தவர். எங்கள் குடும்பத்தில் முடிச்சாச்சு என்றால் விலை பேசி, கை கொடுத்து, சரக்கு நம்முடையதாகிவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளை பேசினாலும் அதுதான் சொல், வீடு வாங்கினாலும் அதுதான் சொல். அந்தச் சொல் வந்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் வாப்பாவுக்குக் கோபம் வரும். நானும் கேட்கவில்லை. இன்னொரு ஈரல் துண்டு எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

சாப்பிட்டதும் இரண்டு சளி மாத்திரை கொடுத்தேன், தூக்கம் வரும் ரகம். ஒன்று போதும், நான் இரண்டு கொடுத்தேன். வழக்கம்போல ஹாலில் பாயை விரித்து மின்விசிறிக்குக் கீழே படுத்தான். கால் மணி நேரத்தில் வாயைத் திறந்து தூங்கிவிட்டான். நான் பாத்திரம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இஞ்சி பூண்டு இடிக்கிற கல்லுரலின் குழவியைத்தான் எடுத்தேன். சுத்தியல் வீட்டில் இருந்தது. சுத்தியல் தோலைக் கிழிக்கும், தோல் கிழிந்தால் கிருமி போகும், கிருமி எலும்புக்குள் போய்விட்டால் பிறகு நம் கையில் ஒன்றுமில்லை. குழவிக்கு முகம் துடைக்கும் துண்டைச் சுற்றினேன். பாய் மெத்தென்று இருந்ததால், காய் வெட்டும் பலகையை இடது கணுக்காலுக்கு அடியில் கொடுத்தேன். அடியில் கெட்டியாக ஒன்று இல்லாவிட்டால் அடி நழுவி வேறெங்காவது பட்டுவிடும். ஃப்ரீசரில் ஐஸ் பை நாலு தயாராக இருந்தது. சனிக்கிழமை செம்பவாங்கிலிருந்து திரும்பும் வழியில் வாங்கியது, ரசீது உங்களிடம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கட்டுத் துணி, பழைய கட்டிலிலிருந்து எடுத்த இரண்டு பலகைத் துண்டு, எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அவன் முட்டிக்கு மேலே, தொடையில் உட்கார்ந்தேன். வார்டில் உதறுகிற நோயாளியை நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். ஓங்கி ஓர் அடி அடித்தேன். கரும்பை முட்டியில் வைத்து ஒடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம் கேட்டது. அவன் கத்தினான். நான் உடனே பாதத்தைத் தொட்டு நாடி பார்த்தேன், இரத்த ஓட்டம் இருந்தது. ஐஸ் வைத்து, பலகை கட்டி, தலைக்குத் தலையணை கொடுத்து, நானே 995-க்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸில் வந்த பையன் கட்டைப் பார்த்துவிட்டு, யார் போட்டது, இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே என்றான். நான்தான் என்றேன். குளியலறையில் வழுக்கிவிட்டான் என்று சொன்னேன். அது பொய், ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவமனைக்கு ஷமீமா ஓடி வந்தாள். அர்ஃபானை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே, எந்த நேரத்திலோ, வண்டி பேச்சு வந்தது.

"அர்ஃபான் அந்த பைக்க வாங்கவே இல்ல மாமி. இன்னிக்கு மார்னிங்கே அங்கிளுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டான். நீங்க அந்த வார்ட் பையனப் பத்தி சொன்னப்ப உங்க முகத்தப் பாத்தானாம். உம்மாவ இப்படி பயப்பட வச்சு எனக்கு எதுக்கு பைக்குன்னான்."

முடிச்சாச்சு என்று அவன் சொன்னது அதைத்தானாம். விஷயத்தை முடித்துவிட்டானாம், கைகழுவிவிட்டானாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ஃபினிஷ் ஆல்ரெடி' என்பார்களே, அதை அப்படியே தமிழாக்கிச் சொல்லியிருக்கிறான். எனக்குத் தலை சுற்றியது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்பதற்குத் தமிழில் வேண்டாம் என்றே ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. பிள்ளையைக் குறை சொல்லவில்லை. என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

ஆக, நடந்தது ஒரு சொல்லின் தவறு. செய்தது நான்தான், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஓர் அடி, ஒரு கணுக்கால், ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக. அவனுக்கு இரவு மருந்து கொடுக்கும்போது பால் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. இப்படிக்கு, நூருன்னிசா.

*

புதன்கிழமை. மேலே எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்தச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எக்ஸ்ரே படத்தையும் கொண்டுவந்தீர்கள். என்னிடம் அதை விளக்க வேண்டியதில்லை தம்பி, உங்களுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். ஒரே இடத்தில் மூன்று தடவை விழுந்த அடி அது. அர்ஃபானும் நேற்று உங்களிடம் பேசியதாகச் சொன்னீர்கள். பேசும் அளவுக்குத் தெளிந்துவிட்டான் என்பதே எனக்கு ஆறுதல்.

சரி. மூன்று அடி.

முதல் அடி விழுந்ததும் அவன் கத்தினான் என்று எழுதியிருந்தேன். கத்தியது உண்மை. கத்தலில் வார்த்தை இருந்தது. கண்ணைத் திறந்தான், கையில் குழவியோடு என்னைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். புத்திசாலிப் பிள்ளை, ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. "வாங்கல உம்மா. நான் வாங்கல. வேணாம்னு சொல்லிட்டேன்," என்றான். என் மணிக்கட்டைப் பிடித்தான். மாத்திரை மயக்கத்தில் பிடியில் வலு இல்லை. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

ஆகவே, எனக்கு விஷயம் தெரிந்தது மருத்துவமனையில் இல்லை, ஷமீமா சொல்லியும் இல்லை. அந்தப் பாயிலேயே தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறான் என்று நினைத்துத்தான் மறுபடி அடித்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம் என்று எழுதினால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் அவன் என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. ஒரு தடவைகூட இல்லை. நான் நம்பினேன்.

ஆறு வருடம் சின்ன வண்டி ஓட்டினானே, அப்போதெல்லாம் இல்லாத பயம் இப்போது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வண்டி காலையில் போகும், சாயங்காலம் ஈசூனுக்குத் திரும்பி வந்துவிடும். அதனால் பயம் இல்லை.

அவன் வாங்கவில்லை என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா, பிள்ளை பிழைத்தான் என்று நிஜமாகவே மனசு குளிர்ந்தது. குழவியைக் கீழே வைக்கக்கூடப் போனேன். வைக்கும்போதுதான், அப்படியென்றால் தினமும் எதில் வருவான் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எந்தப் பிள்ளை வருவான். வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் பெருநாளுக்குப் பெருநாள். காலைப் பார்த்தேன். வீக்கம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது, கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். இருபத்தாறு வருடக் கை, எக்ஸ்ரே எடுக்காமலே சொல்லிவிடும். முதல் அடியில் போயிருந்தது வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு மட்டும்தான். அது ஆறு வாரத்தில் கூடிவிடும், நவம்பரில் தன் காலாலேயே நடந்து போய்ப் பொங்கோல் வீட்டுச் சாவியை வாங்கியிருப்பான்.